அக்காவின் கணினியில் மட்டும் திறக்காத தளம்

1

அந்த இணையத்தளத்தை அரசாங்கம் பூட்டிவிட்டது என்றே நாங்கள் எல்லோரும் நம்பினோம். புதுக்குடியிருப்பில் இருக்கும் என் அக்கா நம்பினார். அத்தான் நம்பினார். டென்மார்க்கின் ஒரு சிறு நகரத்தில் இருந்துகொண்டு நானும் நம்பினேன். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாயைத் திருகிப் பார்ப்போம். மின்சாரம் நின்றால் அயல்வீட்டு விளக்கை எட்டிப் பார்ப்போம். காணாமற்போனவர்களின் படங்கள் உள்ள பக்கம் ஒன்று திறக்கவில்லை என்றால் மட்டும், அதை மூடியது யார் என்ற ஒரு கேள்வியைத் தவிர வேறெதுவும் எங்களுக்குத் தோன்றுவதில்லை. அப்படிப் பழகிவிட்டோம்.

போரின் இறுதி மாதங்களில் வன்னியில் காணாமற்போனவர்களின் முகங்களைச் சேர்த்துவைத்திருக்கும் தளம் அது. புலம்பெயர்ந்த சிலர் நடத்துகிறார்கள். குடும்பத்தவர்கள் அனுப்பிய படங்கள் ஒரு பகுதியில் இருக்கும். எங்கிருந்தோ கிடைத்த, யாரென்று தெரியாதவர்களின் படங்கள் மற்றப் பகுதியில் இருக்கும். அக்காவின் மூத்த மகன் சேந்தனின் படம் முதற்பகுதியில் இருக்கிறது. அக்கா நாள்தோறும் பார்ப்பது மற்றப் பகுதியை. பேருந்து யன்னலில், முகாம் வேலிக்குப் பின்னால், சிறைச்சாலை வாசலில், யாரோ ஒருவருடைய தோளுக்கு மேலாகத் தெரியும் பாதி முகங்களில் அவர் மகனைத் தேடிக்கொண்டிருந்தார். காலையில் சாமிப் படத்துக்கு விளக்கு வைத்ததும் அடுத்ததாகக் கணினியின் முன்னால் போய் இருப்பார். சேந்தனுக்கு அந்த வீட்டில் திவசம் கிடையாது. அவன் பிறந்தநாளுக்குப் பால்பொங்கல் மட்டும் உண்டு.

கைப்பேசியில் அவரால் பார்க்க முடியாது. ஒரு கண்ணில் வெண்புரை எடுத்தாயிற்று. மற்றதில் பார்வை மங்கல். துளசி உயர்தரம் படித்த காலத்தில் நான் வாங்கிக்கொடுத்த அந்தப் பெரிய திரைக் கணினிதான் அவருக்கு உதவியது. துளசி, சேந்தனின் தங்கை, எனக்குப் பெறாமகள். இப்போது வவுனியாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள்.

2

இங்கே நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மதிய இடைவேளையில் துணிகள் மடிக்கும் அறையில் இருந்து அக்காவுக்கு அழைப்பேன். எனக்கு நண்பகல் என்றால் அவருக்குப் பின்னேரம்.

தொலைபேசியில் நாங்கள் எதையும் பெயர் சொல்லிக் கதைப்பதில்லை. யார் கேட்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அப்படி ஒருவரும் கேட்கவில்லை என்று நிரூபிக்கவும் முடியாது. அதனால் அந்தத் தளத்துக்குக் 'கோயில்' என்று பெயர் வைத்திருந்தோம்.

"வதனி, கோயில் பூட்டிக் கிடக்கு" என்றார் அக்கா ஒருநாள்.

"எப்ப இருந்து அக்கா?"

"போன கிழமை திறந்தது. இப்ப வெறும் வெள்ளையாய்க் கிடக்கு. ஐயரும் ஓடிட்டார் போலை."

"மற்றக் கோயிலுகள்?"

"அதெல்லாம் திறக்குது. பேப்பர் திறக்குது, சமையல் திறக்குது. இது மட்டும்தான். தெரியும்தானே, ஏனெண்டு."

தெரியும் என்றேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த என் மகள் அபி, அதற்குப் பிறகு வந்த அழைப்பொன்றில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "பெரியம்மா இவ்வளவு சாமி கும்பிடுறவவா? வேறை கோயிலுக்குப் போகலாம்தானே" என்று தன் உடைந்த தமிழில் கேட்டாள். அவள் கொப்பன்ஹேகனில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். கோயிலின் பொருளை அவளுக்கு விளக்கினேன். அவள் டேனிஷில், "வேறு கணினியில் திறக்கிறதா என்று கேட்டீர்களா?" என்றாள்.

நாங்கள் கேட்டிருக்கவில்லை. இந்த நாட்டில் அரசாங்கக் கடிதங்கள் எல்லாம் கணினிக்குத்தான் வரும். ஒவ்வொரு முறை அது திறக்காதபோதும் உதவி இலக்கத்துக்கு அழைத்து, அதே கேள்விகளுக்கு என் டேனிஷில் தடுமாறித் தடுமாறிப் பதில் சொல்லியிருக்கிறேன். மற்றத் தளங்கள் திறக்கின்றனவா? வேறு கணினியில் திறக்கிறதா? கடைசியாகத் திறந்ததற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்? எனக்குப் பாடமாக இருந்த கேள்விகள். என் சொந்த அக்காவிடம் அவற்றைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என்னிடமிருந்து திறந்து பார்க்கவும் அஞ்சினேன். பார்த்தால் அங்கே அவர்களுக்கு ஏதும் வருமோ என்ற, அறிவுக்கு ஒவ்வாத அச்சம்.

3

ரஹீம் நானா புதுக்குடியிருப்புச் சந்தைப் பக்கத்தில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். குடும்பத்தோடு புத்தளத்தில் பல ஆண்டுகள் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அத்தானுக்குப் பழக்கம். அபி கேட்டதை நான் அத்தானுக்குச் சொன்னேன்; அடுத்த வாரத் தொடக்கத்தில் நானா வீட்டுக்கு வந்து, தன் கைப்பேசியை அக்கா வீட்டு இணைப்பிலேயே போட்டு, தளத்தைத் திறந்தார். நான் காணொலி அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே திறந்தது.

"பாருங்க அக்கா, உங்கட லைன்தான். சோக்கா வருது. கவர்மெண்ட் பூட்டினா எனக்கும் பூட்டத்தானே வேணும்? எனக்கு மட்டும் சலுகை தருவாங்களா?"

"அப்ப ஆர் நானா பூட்டினது?" என்றார் அத்தான்.

"வெளியில ஒருத்தரும் பூட்டல்ல. பூட்டினவர் உங்கட வீட்டுக்குள்ளதான் இருக்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா அவருடைய கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே பிடித்தார்.

"இதுக்கை முகமெல்லாம் எறும்பு மாதிரிக் கிடக்கு."

"கவலைப்படாதீங்க. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு கடைக்கு வாங்க. பெரிய ரீவியில போட்டுக் காட்டுறன். வடிவா இருந்து பாருங்க."

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை பின்னர் எங்களுக்கு எப்படி ஆகப்போகிறது என்று அப்போது அறியேன்.

4

மறுநாள், இன்னும் விடுமுறையில் எங்கள் வீட்டில் இருந்த அபி தன் மேசையில் இருந்தபடியே அக்காவின் கணினிக்குள் நுழைந்தாள். அத்தான் திரையில் வந்த இலக்கங்களை வாசித்துக் கொடுத்தார். சிறிது நேரத்தில் அங்கே அம்புக்குறி தானாக நகரத் தொடங்கியது.

"ஐயோ, இஞ்சை பாருங்கோ! தன்ரை பாட்டிலை ஓடுது! ஆரோ உள்ளுக்கை வந்திட்டாங்கள்!" என்று அக்கா அலறினார்.

அடுத்த கணம் திரை கறுத்துப்போனது. அத்தான் மின்வயரைப் பிடுங்கிவிட்டார்.

"பெரியப்பா, நீ ஏன் வயரை இழுத்தாய்?" என்றாள் அபி. மரியாதைச் சொல் எதையும் நான் அவளுக்குச் சரியாகப் பழக்கவில்லை. எல்லோரும் அவளுக்கு 'நீ'தான்.

"ஓம் ராசாத்தி, பிழைதான். பழைய பழக்கம். இனி இழுக்கேல்லை."

"இவள் தாயைவிட நல்லாய் அதட்டுறாள்" என்று அக்கா பின்னால் இருந்து சிரித்தார்.

மீண்டும் தொடங்கினார்கள். அபி உலாவியின் நினைவகத்தைத் துடைத்தாள். வேறு உலாவியில் முயன்றாள். இணைப்பைச் சோதித்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிறகு அவள் கணினியின் உள்ளே சாதாரணமாக யாரும் போகாத ஒரு கோப்பைத் திறந்தாள். நான் அவளருகில் இருந்தேன். அங்கே தனியாக ஒரு வரி இருந்தது. தளத்தின் பெயரும், அதற்கு முன்னால் சில எண்களும். இந்தப் பெயரை யாராவது தேடினால் வெளியே போகாதே, உனக்குள்ளேயே திரும்பிக்கொள் என்று கணினிக்குச் சொல்லும் வரி அது என்று அபி விளக்கினாள்.

"அம்மா, இது பழுதில்லை. இது ஒரு ஆள் செய்தது" என்றாள். பிறகு டேனிஷில்: வைரஸ் இப்படி ஒரேயொரு தளத்தைத் தேர்ந்தெடுக்காது. கணினியின் முதன்மைக் கடவுச்சொல் தெரிந்த ஒருவர் கையால் எழுதியிருக்கிறார். "அழிக்கட்டுமா?"

"என்னவாம்? சரிவந்திட்டுதோ?" என்றார் அக்கா, அங்கிருந்து.

கடவுச்சொல் துளசிக்கு மட்டுமே தெரியும். அந்த வரியைத் தொடவேண்டாம் என்று அபியின் கையைப் பிடித்தேன்.

"இண்டைக்குச் சரிவராது அக்கா. பிறகு பாப்பம்."

"பரவாயில்லை, விடு. வெள்ளிக்கிழமை நானா காட்டுவார்தானே."

5

துளசி என் அழைப்பை எதிர்பார்த்தே இருந்தாள் என்று நினைக்கிறேன்.

"கண்டுபிடிச்சிட்டியளோ சித்தி?"

"ஓம் பிள்ளை. ஏன் செய்தனீ?"

சனிக்கிழமைகளில் தாய்க்கு முன்னால் தானே தளத்தைத் திறந்து, இறந்தவர்களின் படங்கள் புதிதாக வந்திருந்தால் அவற்றைத் தாண்டி நகர்த்திவைப்பது அவளுடைய வழக்கம். அப்படியொரு காலையில்தான் அந்தப் படத்தைக் கண்டிருக்கிறாள்.

"அம்மான்ரை கூறை மூட்டைக்குப் பக்கத்திலை அண்ணா கிடக்கிறார்."

இதை வன்னிக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டும். கடைசி மாதங்களில் சனம் ஒதுங்கிய கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டியவர்களுக்கு மண் அடைக்கச் சாக்குகள் கிடைக்கவில்லை. பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்தார்கள். பட்டும் நூலும் கலந்து, வண்ண வண்ணமாக மண்மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. அக்கா தன் கலியாணக் கூறையைக் கடைசிவரை வைத்திருந்து, கடைசியில் அதையும் தைத்தார். துளசி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. தாய் தைக்கத் தைக்க அவள்தான் மணலை அள்ளி நிரப்பியவள்.

ஒரு காலையில் சேந்தன் கஞ்சி வாங்க வரிசைக்குப் போனான். போன பின் எறிகணைகள் விழத் தொடங்கின. சனம் எல்லாம் ஒரே திசையில் எழுந்து நடந்தது. அக்கா அசைய மறுத்தார். "அவன் முன்னுக்குப் போயிருப்பான், நடவுங்கோ" என்று அத்தான் சொன்னார். நடந்தார்கள். முகாமில் வைத்து, சேந்தனைப் போன்ற ஒருவன் மற்ற இளைஞர்களோடு பேருந்தில் ஏறியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அந்த ஒரு சொல்லின் மேல்தான் அக்கா இத்தனை ஆண்டுகளும் உயிர்வாழ்ந்தார். காணாமற்போனோரை விசாரிக்கும் அலுவலகங்களின் வாசல்களில் நின்றதும், கிளிநொச்சி வீதியோரக் கொட்டகையில் மற்றத் தாய்மாரோடு முறைவைத்து இருந்ததும் அந்தச் சொல்லை வைத்துத்தான்.

"எங்களைத் தேடி பங்கருக்குத் திரும்பி வந்திருக்கிறார் சித்தி" என்றாள் துளசி. "நாங்கள் அதுக்குள்ளை போயிட்டம்."

"பிள்ளை..."

"அம்மா இதைப் பாத்தால் அப்பாவை என்ன கேப்பா எண்டு யோசிச்சனான். அப்பா தன்னையே என்ன செய்துகொள்ளுவார் எண்டு யோசிச்சனான். வேறை ஒண்டும் எனக்குத் தெரியேல்லை. அந்த வரியை எழுதிப்போட்டு பஸ் ஏறிட்டன்."

"நீ தனியவே வைச்சிருந்தனீயோ இதை?"

"ஆரிட்டைச் சொல்ல? நீங்கள் பாக்காதேங்கோ சித்தி."

6

பார்த்தேன். என் கணினியில் அது எந்தத் தடையுமின்றித் திறந்தது.

முகத்தை வைத்து நான் சேந்தனை அடையாளம் கண்டிருக்கமாட்டேன். நான் நாட்டைவிட்டு வந்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். படத்தில் முகம் மறுபுறம் திரும்பியிருந்தது. ஆனால் அவன் தலைமாட்டில் இருந்த மூட்டை செங்கல் நிறத்தில், கரையில் அன்னங்கள் வரிசையாக நடக்கும் சேலை. மணவறைக்குப் போகுமுன் அந்தச் சேலையின் கொய்யக மடிப்பை அடுக்கி ஊசி குத்தியவள் நான். "இறுக்கிக் குத்தாதை, மூச்சு முட்டுது" என்று அக்கா என்னைக் கடிந்தது காதில் கேட்டது. கீழே அந்த வழக்கமான வரி: இவரைத் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்.

துளசி எழுதிய வரியை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் அபியிடம் சொன்னேன். நானாவிடம் ஏதாவது சாட்டுச் சொல்லி, வெள்ளிக்கிழமையைத் தள்ளிவிடலாம். அக்காவுக்குக் கணினி பழுது என்று சொல்லலாம்.

அபி டேனிஷில் பதில் சொன்னாள். கோபப்படும்போது அவளுக்குத் தமிழ் முற்றாக நின்றுவிடும். "அரசாங்கம் உண்மையை மறைக்கிறது என்று பெரியம்மா வீதியில் இருக்கிறார். நீங்களும் இங்கே பதாகை பிடித்தீர்கள். இப்போது மறைப்பது யார்?"

"நீ அங்கை இருக்கேல்லை" என்றேன்.

"நீங்களும் இருக்கவில்லை, அம்மா."

அவள் சொன்னது நியாயம் என்பதற்காக நான் மனம் மாறினேன் என்று சொல்லமுடியாது. அக்கா அதை எங்கே காணப்போகிறார் என்பதுதான் என்னை உலுக்கியது. சந்தைக்கு நடுவில், மீள்நிரப்பு அட்டை வாங்க வருபவர்களுக்கு முன்னால், ஒரு கடைச் சுவரில் தொங்கும் பெரிய திரையில். நானாவை நிறுத்தினாலும் இன்னொருவர் காட்டுவார். இன்னொரு தாய் கொட்டகையில் வைத்து, "இது உன்ரை சீலை மாதிரிக் கிடக்கே" என்பாள். துளசியிடம் இதைச் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. "நானே சொல்லுறன் சித்தி. நீங்கள் லைனிலை நில்லுங்கோ" என்றாள்.

7

வியாழக்கிழமை துளசி விடுப்பு எடுத்துக்கொண்டு வவுனியாவிலிருந்து வந்தாள். கைப்பேசியைத் திரையின் ஓரத்தில் சாய்த்து வைத்தாள். எனக்குப் படம் தெரியவில்லை. அதைப் பார்க்கப்போகும் அக்காவின் முகம்தான் தெரிந்தது.

"என்ன பிள்ளை, கிழமை நாளிலை வந்திருக்கிறாய்? வேலையை விட்டிட்டியோ?"

"இல்லை அம்மா. இதிலை இருங்கோ. அப்பா, நீங்களும் வாங்கோ."

அத்தான் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"அம்மா, கோயிலை நான்தான் பூட்டினனான்."

அக்கா அவளைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளைகள் பொய் சொல்லும்போது பார்ப்பதைப்போல முதலில் பார்த்தார். பிறகு பார்வை மாறியது.

"அண்ணாவோ?" என்றார்.

துளசி தலையசைத்தாள்.

"திற."

விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டது. திரையின் வெளிச்சம் அக்காவின் முகத்தில் ஏறியது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டார். கிட்டப் போனார்.

"இது என்ரை கூறையெல்லோ."

அவருடைய விரல் திரையை நோக்கி நீண்டது.

"வந்திருக்கிறான்" என்றார் அக்கா. "துளசி, இதைப் பெருசாக்கு. இந்தப் பக்கம். அது வாளி. கஞ்சி வாளி. மூடி போட்டபடி கிடக்கு, பாத்தியோ? ஒரு சொட்டும் ஊத்தாமல் கொண்டந்திருக்கிறான் பிள்ளை."

அவருடைய குரலில் அப்போது இருந்தது பெருமைதான். நான் சொல்வது சிலருக்கு ஏற்புடையதாக இராது. ஆனாலும் அது பெருமையாகவே இருந்தது. பிறகு அவர் கதிரையை மெல்லத் திருப்பி, கதவுப் பக்கம் பார்த்தார்.

"அவன் முன்னுக்குப் போகேல்லையப்பா."

அத்தான் நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே இறங்கிப் போனார். துளசி கைப்பேசியை எடுத்துக் குப்புற வைத்தாள். அதன்பின் நான் கேட்டவற்றை எழுதமாட்டேன்.

8

அத்தான் படத்தை அச்சிட்டுக்கொண்டு காணாமற்போனோரை விசாரிக்கும் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்தவர் இளைஞர், கதிரை கொடுத்து இருத்தி, மரியாதையாகவே பேசினாராம்.

"ஐயா, இதிலை முகம் வடிவாய்த் தெரியேல்லையே."

"சீலை தெரியுது தம்பி."

"சீலைக்கு என்ன ஆதாரம் ஐயா?"

மறுநாள் அத்தான் கலியாணப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். புலம்பெயரும்போது நான் என்னோடு கொண்டுவந்த பிரதி அது. அபி பெரிதாக்கி அனுப்பியிருந்தாள். மணவறையில் அன்னக் கரை தெளிவாகத் தெரிகிறது. மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதில் வரும்வரை அவர்களுடைய கணக்கில் சேந்தன் காணாமற்போனவன்தான்.

அக்கா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கடற்கரையில் ஐயரை வைத்து மகனுக்கான இறுதிக் கடமைகளைச் செய்வித்தார். ஐயர் சொன்னதையெல்லாம் அத்தான் செய்தார். அக்காவும் அத்தானும் ஒருவரோடொருவர் பேசவில்லை என்று துளசி சொன்னாள். ரஹீம் நானா ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்து முற்றத்திலேயே நின்றாராம். "நான் பகிடிக்குச் சொன்னது அக்கா, மன்னிச்சிருங்க" என்று அழுதாராம். "நீங்கள் என்ன செய்வியள் நானா" என்று அக்காதான் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

இந்த மே மாதம் எங்கள் நகரத்து மண்டபத்தில் போரில் இறந்தவர்களுக்காக வழக்கம்போல் நினைவுக் கஞ்சி காய்ச்சினார்கள். முதன்முறையாக அபி என்னோடு வந்தாள். கிண்ணத்தை வாங்கி, எதுவும் கேட்காமல் முழுவதையும் குடித்தாள். வீடு திரும்பும்போது, தான் செய்தது சரியா என்று தமிழில் கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. துளசியின் அந்த வரி இன்றும் அழியாமல் இருந்திருந்தால் அக்கா இப்போது விளக்கு வைத்துவிட்டு, யாரோ ஒருவருடைய தோளுக்கு மேலாக மகனைத் தேடிக்கொண்டிருப்பார். அத்தான் குசினியில் நின்று தேநீருக்குச் சீனி போட்டுக்கொண்டிருப்பார். அது பொய்யின் மேல் நின்ற வீடுதான். ஆனால் அதில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா இப்போதும் தன் முறை வரும்போது கிளிநொச்சிக் கொட்டகைக்குப் போகிறார். கையில் படம் இல்லை. "உனக்குத்தான் முடிஞ்சுதே, நீ ஏன் வாறாய்?" என்று ஒரு தாய் கேட்டாராம். "உங்களுக்கு முடியேல்லையே" என்றிருக்கிறார் அக்கா.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. யானை இறங்குகிறது, காவல் வேண்டும் என்று சொல்லி அத்தான் அங்கே வயற்கொட்டிலுக்குப் போனார். அறுவடை முடிந்துவிட்டது. அவர் திரும்பவில்லை. துளசி சனிக்கிழமைகளில் முதலில் அங்கே இறங்கி அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, அடுத்த பேருந்தில் தாயிடம் வருகிறாள்.

மற்ற நாட்களில் அந்த வீட்டில் அக்கா மட்டும் இருக்கிறார்.